குரல்வளை: எடுப்பதா, வைப்பதா?

முற்றிய குரல்வளைப் புற்றுநோய்க்கு இரண்டு வழிகள் முன்வைக்கப்படுகின்றன. குரல்வளையை முழுவதும் அகற்றுவது ஒன்று. கதிர்வீச்சும் கீமோவும் கொடுத்து அதைக் காப்பாற்றப் பார்ப்பது மற்றொன்று. கேட்ட மாத்திரத்தில் பலரும் இரண்டாவதன் பக்கமே சாய்கிறார்கள். குரல் தப்பும் என்றால் யார்தான் கத்திக்குக் கழுத்தை நீட்டுவார்கள்?

அந்தச் சாய்வுக்கு ஆதாரம் உண்டு. அமெரிக்காவில் முன்னாள் படைவீரர்களுக்கான மருத்துவமனைகளில் 332 பேரிடம் நடந்து 1991இல் வெளியான ஆய்வில், எந்த வழியில் போனவர்களானாலும் இரண்டாண்டு கடந்து உயிரோடிருந்தவர்கள் 68 சதவீதம். முதலில் கீமோ, பிறகு கதிர்வீச்சு என்று போனவர்களில் 64 சதவீதம் பேருக்குக் குரல்வளை தப்பியது. 2003இல் வெளியான இன்னொரு ஆய்வில் இரண்டையும் சேர்த்தே கொடுத்தார்கள். இரண்டாண்டு முடிவில் 88 சதவீதம் பேருக்குத் தப்பியது.

ஆனால் தப்பிய குரல்வளை எல்லாம் வேலை செய்யும் குரல்வளை அல்ல. ஏழு வாரக் கதிர்வீச்சில் தொண்டைத் தசைகள் இறுகிவிடலாம். தண்ணீர் குடித்தாலே புரை ஏறும்; அது நுரையீரலுக்குள் இறங்கி நிமோனியாவில் கொண்டுபோய் விடும். அகற்றியவருக்கு மூச்சு கழுத்துத் துளை வழியாகவும் உணவு வாய் வழியாகவும் தனித்தனியே போவதால் இந்தத் தொல்லை இல்லை. பதிலுக்கு மோப்பம் மங்கும், நீச்சலை மறக்க வேண்டியதுதான். பேசுவதற்காக மூச்சுக்குழலுக்கும் உணவுக்குழலுக்கும் இடையே சிறு வால்வு பொருத்தியவர் துளையை விரலால் மூடிக்கொண்டு கரகரவென்று பேசுகிறார், தொலைபேசியிலும் புரிகிறது.

குரலுக்கு ஆளாளுக்கு ஒரு விலை. 1981இல் ஆரோக்கியமான தீயணைப்பு வீரர்களையும் நிர்வாகிகளையும் கேட்டபோது, ஏறத்தாழ ஐந்தில் ஒருவர் ஆயுள் குறைந்தாலும் குரலே வேண்டும் என்றார்கள்.

நோயாளி யார் என்பதைப் பொறுத்து கணக்கு மாறும். கதிர்வீச்சோடு கீமோவைச் சேர்ப்பதன் பலன் வயது ஏற ஏறத் தேய்ந்து, எழுபதைத் தாண்டினால் ஏறக்குறைய ஒன்றுமில்லாமல் போகிறது. கீமோவாகப் பெரும்பாலும் கொடுக்கப்படும் சிஸ்பிளாட்டின் சிறுநீரகத்தையும் காதையும் பதம் பார்க்கும் மருந்து. ஏற்கெனவே அவை பழுதானவருக்கு அதைக் கொடுப்பது சிரமம். சிகிச்சை நடக்கும்போதும் புகைப்பவருக்குக் கதிர்வீச்சு சரியாகப் பிடிப்பதில்லை. டான்சில் பகுதியில் ஹெச்பிவி கிருமியால் வந்த புற்றுநோய் கதிர்வீச்சுக்கு நன்றாகக் கரையும் என்பது உண்மைதான். அது வேறு நோய் என்றே சொல்லலாம்; பக்கத்துப் படுக்கைக்காரர் அதில் தேறியதை வைத்து இங்கே முடிவெடுக்கக் கூடாது.

கட்டி குரல்வளையின் குருத்தெலும்பைத் துளைத்துவிட்டால் என் சாய்வு அறுவையின் பக்கம். 1991 ஆய்விலேயே, அந்த அளவுக்கு முற்றியவர்களில் பாதிக்கு மேற்பட்டோர் கடைசியில் அறுவைக்குத்தான் வந்தார்கள். கதிர்வீச்சு பட்ட கழுத்தில் பிற்பாடு கத்தி வைத்தால் தையல் விட்டு எச்சில் கசிவதும் புண் ஆறாமல் இழுப்பதும் அதிகம். சிறிய கட்டி, அசையும் குரல்நாண், நல்ல சிறுநீரகம், தவணை தவறாமல் பரிசோதனைக்கு வரக்கூடியவர் என்றால் தயங்காமல் காப்பாற்றப் பார்க்கலாம். விழுங்க முடியாமல் இப்போதே குழாயில் சாப்பிடுபவருக்கு அந்த வழியைச் சொல்ல எனக்கு மனம் வராது.