மோட்டாருக்காகச் செய்த ஆர்டுயினோ ஷீல்டு: நீண்ட காலப் பயன்பாட்டு அனுபவம்

பெங்களூரு அல்சூரில் உள்ள எங்கள் வீட்டில், சம்ப்பிலிருந்து மொட்டைமாடித் தொட்டிக்குத் தண்ணீர் ஏற்றும் மோட்டாரை ஆர்டுயினோ யூனோ என்ற, நிரல் எழுதி இயக்கும் சிறு மின்னணுப் பலகை கட்டுப்படுத்துகிறது. அதன் மேல் செருகியிருக்கும் கூடுதல் பலகையான ஷீல்டை, மின்னணுப் பொருள் கடைகள் உள்ள எஸ்.பி. ரோட்டில் வாங்கிய டாட் போர்டில் (வரிசையாகத் துளையிட்ட பலகையில்) நானே சால்டர் செய்தேன். பல கோடைகளையும் மழைக்காலங்களையும் கடந்து அது இன்றும் வேலை செய்வதால், அதன் எந்தப் பகுதி காலத்துக்கு நின்றது, எது தளர்ந்தது என்று இப்போது நம்பிக்கையுடன் சொல்ல முடிகிறது.

யூனோவுக்கு டாட் போர்டில் ஷீல்டு செய்ய இறங்குபவர் முதலில் எதிர்கொள்வது 7, 8ஆம் பின்களுக்கு (இணைப்பு முனைகளுக்கு) இடையிலான விநோதமான இடைவெளியை. மற்ற பின்கள் 2.54 மில்லிமீட்டர் இடைவெளியில் இருக்க, இந்த இரண்டுக்கும் நடுவே மட்டும் 4.06 மில்லிமீட்டர் இருப்பதால், டாட் போர்டின் துளைகளோடு அது பொருந்தாது. பெர்க் ஸ்டிரிப் எனும் உலோகக் கால் வரிசையை வளைத்துச் செருகுபவர்கள் உண்டு. ஆனால் அடிக்கடி கழற்றி மாட்டும் பலகைக்கு அந்த வழி உகந்ததன்று. 0 முதல் 7 வரையிலான பின்கள், பவர் வரிசை, அனலாக் வரிசை ஆகிய மூன்றும் ஒரே 2.54 மில்லிமீட்டர் கட்டவரிசையில் அமைந்திருப்பதால், 8 முதல் 13 வரையுள்ளவற்றை விட்டுவிட்டால் பலகை வளைக்காமலே கச்சிதமாக உட்காருகிறது. சீரியல் தொடர்புக்கான 0, 1 ஆகியவற்றை ஒதுக்கினாலும் ஆறு டிஜிட்டல் பின்கள் மிஞ்சுகின்றன. சம்ப்பிலும் மேல்தொட்டியிலும் உள்ள மிதவைச் சுவிட்சுகளுக்கும், ஒரு ரிலேக்கும் (மின்சாரத்தால் இயங்கும் சுவிட்சுக்கும்), ஓர் எச்சரிக்கை விளக்குக்கும் அவை போதும்.

ரிலேயின் 5 வோல்ட் சுருள் ஏறக்குறைய 70 மில்லிஆம்பியர் இழுக்கும். பழைய யூனோவின் ஏடிமெகா328பி சில்லில் ஒரு பின்னுக்கான உச்ச வரம்பே 40 மில்லிஆம்பியர் என்பதால், நடுவில் ஒரு பிசி547 டிரான்சிஸ்டரையும், அதன் பேஸில் 1 கிலோஓம் ரெசிஸ்டரையும், சுருளுக்குக் குறுக்கே ஒரு 1என்4007 டையோடையும் வைத்தேன். பேஸிலிருந்து கிரவுண்டுக்கு 10 கிலோஓம் இருப்பதால், போர்டு ரீசெட் ஆகிப் பின்கள் எந்நிலையும் எடுக்காமல் நிற்கும் கணங்களிலும் மோட்டார் தானாக ஓடாது. மின்சாரம் போய்வரும் ஊரில் இது சிறிய விஷயமன்று.

இந்த எளிய ஏற்பாட்டின் அருமை பின்னர்தான் தெரிந்தது. பழைய யூனோவை வேறொரு வேலைக்கு எடுத்துக்கொண்டு, 2023இல் வெளிவந்த யூனோ ஆர்4 மினிமாவை அந்த இடத்தில் வைத்தேன். வடிவமும் 5 வோல்ட் மின்னழுத்தமும் மாறவில்லை என்றாலும், ஆர்4இன் ஒவ்வொரு பின்னும் 8 மில்லிஆம்பியர் வரைதான் தரும். பேஸுக்கு ஓடுவது சுமார் 4.3 மில்லிஆம்பியர் மட்டுமே என்பதால் ஷீல்டில் எதையும் தொடாமல் அப்படியே மாட்ட முடிந்தது. பழைய போர்டின் உயரமான யூஎஸ்பி உலோகக் கூடு ஷீல்டின் அடிப்பகுதியைத் தொடாதிருக்க ஒட்டியிருந்த இன்சுலேஷன் டேப்புக்கும் இனி வேலையில்லை. எல்இடியை ஆர்டுயினோவின் பின்னிலிருந்தே நேரடியாக 15, 20 மில்லிஆம்பியரில் எரியவிடும் பழைய ஷீல்டுகளை வைத்திருப்பவர்கள், ஆர்4இல் மாட்டும்முன் ரெசிஸ்டர்களைக் கணக்கிட்டுக்கொள்ள வேண்டும்.

இரவில் மோட்டார் ஓடாதிருக்க டிஎஸ்3231 கடிகார மாட்யூல் ஒன்றும் அனலாக் வரிசையின் ஏ4, ஏ5 பின்கள் வழியாக இணைந்துள்ளது. வீட்டுக்குள் நிலவும் வெப்பநிலையில் இதன் பிழை ஆண்டுக்கு ஒரு நிமிட அளவுதான். அதைக் குறைசொல்ல இடமில்லை. ஆனால் மலிவாகக் கிடைக்கும் மாட்யூல்களில் பேட்டரியைச் சார்ஜ் செய்யும் ஒரு ரெசிஸ்டரும் டையோடும் இருக்கும். அதில் சார்ஜ் செய்யக்கூடாத சிஆர்2032 பேட்டரியைப் போடுவது ஆபத்து என்பதால், அந்த ரெசிஸ்டரை எடுத்துவிட்டே பொருத்தினேன். மாட்யூலைப் பலகையில் நேரடியாகச் சால்டர் செய்யாமல் சாக்கெட்டில் வைத்ததும் நல்லதாயிற்று.

230 வோல்ட் இந்தப் பலகையில் எங்கும் ஏறவில்லை. டாட் போர்டின் அடுத்தடுத்த செம்புப் புள்ளிகளுக்கு இடையே ஒரு மில்லிமீட்டர் அளவுக்குத்தான் இடைவெளி இருக்கும். வீட்டு மின்சாரத்துக்கு அது எவ்வகையிலும் போதாது. ரிலே தனிப் பெட்டியில் இருக்கிறது; அது காண்டாக்டர் என்ற பெரிய சுவிட்சை இழுக்க, காண்டாக்டர்தான் மோட்டாரை இயக்குகிறது. காண்டாக்டர் விடுபடும்போது எழும் மின் இரைச்சல், மாடியிலிருந்து இறங்கிவரும் நீண்ட மிதவை வயர்களில் புகுந்து தவறான சமிக்ஞை தந்தது. பின்னை 5 வோல்ட்டில் நிறுத்திவைக்கச் சில்லுக்குள் இருக்கும் புல்அப் ரெசிஸ்டர் மிக உயர் மதிப்புடையது என்பதால், வெளியே 4.7 கிலோஓம் ரெசிஸ்டரும் 0.1 மைக்ரோஃபாரட் கெபாசிட்டரும் சேர்த்த பிறகே அது அடங்கியது.

இத்தனை காலத்தில் எந்தச் சில்லும் டிரான்சிஸ்டரும் பழுதாகவில்லை. தொல்லை கொடுத்தவை திருகு டெர்மினல்கள்தாம். ஈயம் பூசிய வயர் நுனி திருகின் அழுத்தத்தில் மெல்ல நசுங்கித் தளர்வதால், இப்போது நுனிகளில் ஃபெர்ரூல் என்ற சிறு உலோகக் குழாயை அழுத்தியிருக்கிறேன். பலகையைப் பொறுத்தவரை, பழுப்பு நிற ஃபினாலிக் போர்டில் மீண்டும் சூடேற்றினால் செம்பு உரிந்துவிடும். சில ரூபாய் கூடுதலானாலும் கிளாஸ் எபாக்ஸி வாங்குவதே சரி.

கீழ்வீட்டுக்காரருக்கும் இதே அமைப்பு வேண்டுமாம். ஒரு பலகை என்றால் டாட் போர்டு போதும். இனி ஒன்றுக்கு மேல் தேவைப்படும் என்பதால் சுற்றுப்பலகை வரையும் மென்பொருளான கிகேடில் உள்ள யூனோ ஷீல்டு மாதிரியை எடுத்து வரைந்து, பலகையாகச் செய்யக் கொடுக்கப்போகிறேன். அதில் 7, 8ஆம் பின் இடைவெளி சரியாகவே அமைந்திருப்பதால், நான் விட்டுவிட்ட 8 முதல் 13 வரையிலான பின்களும் கைக்கு வரும். மோட்டாரின் மின்னோட்டத்தை அளக்கும் வசதிக்கு அனலாக் வரிசையில் ஏற்கெனவே இடமிருக்கிறது.