வீட்டுக்கும் சந்தா: மூன்று வழிகள், யாருக்கு எது?

மடிக்கணினியோடு ஊர் ஊராகப் போய் வேலை பார்ப்பவர்களிடம் "வீட்டுக்கும் சந்தா கட்டுங்கள்" என்று கேட்கும் நிறுவனங்கள் பெருகிவிட்டன. சந்தா என்ற சொல் ஒன்றுதான். கட்டும் பணத்துக்குக் கிடைப்பது இடத்துக்கு இடம் மாறும்.

முதல் வகை, ஒரே சந்தாவில் பல வீடுகள். ஜப்பானில் 2019-இல் தொடங்கிய அட்ரஸ் என்ற சேவை இதற்கு நல்ல உதாரணம். ஆள் குறைந்துபோன ஊர்களின் காலி வீடுகளையும் சீரமைத்து உறுப்பினர்களுக்குத் திறந்துவிட்டார்கள். வீட்டுக்கு ஒரு பராமரிப்பாளர் உண்டு. ஊரை அறிமுகப்படுத்துவதும் அவர்தான். தனியாகப் பயணிப்பவருக்கு அந்த ஒரு மனிதர் எவ்வளவு பெரிய துணை! ஆனால், இத்தகைய சந்தாவில் நீங்கள் வாங்குவது அறையை அல்ல, அறைக்கான வரிசையில் ஓர் இடத்தை. விடுமுறைக் காலத்தில் நல்ல வீடுகள் முதலில் நிரம்பிவிடும். ஒரே அறையில் தொடர்ந்து எத்தனை நாள் தங்கலாம் என்பதற்கும் வரம்பு இருக்கும். தேதியை வளைக்க முடிந்தவருக்கே இது லாபம். தினமும் காலை பத்து மணிக்கு வீடியோ மீட்டிங் உள்ளவர் வாராவாரம் பெட்டி கட்டினால், வேலையும் கெடும், ஊரும் மனதில் ஒட்டாது.

இரண்டாவது வகையில் உறுப்பினர் கட்டணம் தனி, வாடகை தனி. அமெரிக்காவின் லேண்டிங் என்ற நிறுவனம் இப்படித்தான் தொடங்கியது. சாமான்களோடு கூடிய முழு வீடு கிடைக்கும். நீண்ட ஒப்பந்தத்தில் சிக்காமல் வேறு நகரத்துக்கு மாறலாம். வருடத்தில் இரண்டு மூன்று முறையாவது மாறாதவருக்கு அந்தக் கட்டணம் வீண்.

மூன்றாவது, சந்தாவே இல்லாத மாத வாடகை. வீடுகளை வாடகைக்குப் பிடித்துத் தரும் ஏர்பிஎன்பி தளத்தில் 28 இரவுகளோ அதற்கு மேலோ தங்கினால் நீண்டகாலத் தங்கல் கணக்கு. ரத்து விதிகளும் கடுமையாகும். ஆனால், எந்த மேசை, எந்த ஜன்னல் என்று பார்த்தே எடுக்கலாம். ஒரு நகரத்தில் இரண்டு மூன்று மாதம் இருக்கப்போகிறவருக்கு நான் தயங்காமல் சொல்வது இதைத்தான்.

எந்த வழியானாலும் வருடத்துக்கான பணத்தை மொத்தமாகக் கட்டாதீர்கள். கோலிவ் என்ற மாதச் சந்தாவை நடத்திய செலினா என்ற தங்கும் விடுதி நிறுவனம், பங்குச் சந்தைக்கு வந்த இரண்டே ஆண்டுகளில், 2024 ஜூலையில் திவாலானது. குறுகிய காலத்துக்கு அறைகளை வாடகைக்கு விட்ட சோண்டர், சந்தா நிறுவனம் அல்ல. ஆனாலும் 2025 நவம்பரில் மேரியட் ஓட்டல் நிறுவனத்துடனான அதன் ஒப்பந்தம் முறிந்ததும், தங்கியிருந்தவர்கள் திடீரென அறையைக் காலி செய்ய வேண்டியதாயிற்று. இத்தகைய நிறுவனங்களில் பல கட்டடங்களை நீண்டகாலக் குத்தகைக்கு எடுத்து, நமக்குக் குறுகிய காலத்துக்கு விடுகின்றன. ஆள் வராத மாதத்திலும் குத்தகைப் பணம் கட்டியாக வேண்டும். நிறுவனம் சறுக்கினால், வழியில் நிற்பது நாம்தான்.

இன்னொன்றும் உண்டு. சந்தாவில் தங்குபவர் பெரும்பாலும் விருந்தாளி, வாடகைதாரர் அல்ல. அதனால் வாடகைச் சட்டத்தின் பாதுகாப்பு பல நாடுகளில் கிடைக்காது. விசாவுக்கோ வங்கிக் கணக்குக்கோ முகவரிச் சான்று தேவைப்பட்டால், அதைக் கொடுப்பார்களா என்று பணம் கட்டும் முன்பே எழுத்தில் கேட்டு வாங்குங்கள். தங்கப்போகும் அறையிலிருந்தே எடுத்த இணைய வேகச் சோதனையின் படத்தையும் கூடவே கேளுங்கள். வரவேற்பறையில் எடுத்தது உதவாது.