ஒரே சீசனில் ட்ராக் தேய்ந்தால் "ஐஸ்ல ஓட்டியிருக்கீங்க" என்ற பேச்சை நம்பாதீர்கள்

பனியில் ஓட்டும் ஸ்னோமொபைல் வண்டியை சர்வீஸுக்கு விடப்போகிறவர்கள் இதைப் படித்துவிட்டு விடுங்கள். பட்டறையின் பெயரைக் கேட்காதீர்கள், சொல்லப்போவதில்லை. இந்த ஏமாற்று வேலையை எந்தப் பட்டறையிலும் செய்ய முடியும் என்பதுதான் எனக்குக் கவலை.

போன சீசன் தொடங்கும் முன் புது ட்ராக், அதாவது வண்டிக்கு அடியில் சுற்றி அதைத் தள்ளும் ரப்பர் பட்டை, போட்டேன். பழையது நிஜமாகவே ஆயுசு முடிந்திருந்தது, அதில் தகராறு இல்லை. பில்லில் மூன்று வரி: புது ட்ராக், அது வழுக்கி ஓடும் பிளாஸ்டிக் ஸ்லைடு ஒரு ஜோடி, ட்ராக் கோணாமல் ஓடச் சரிசெய்யும் அலைன்மென்ட். கையெழுத்துப் போட்டு வண்டியை எடுத்து வந்தேன்.

சீசன் முடிவில் வண்டியைக் கழுவும்போதுதான் பார்த்தேன். ட்ராக்கின் இடது ஓரம் பழைய பாயின் விளிம்பு மாதிரி நூல் நூலாகத் தொங்குகிறது. உள்பக்கம், டிரைவ் சக்கரத்தின் பல் பிடிக்கும் ரப்பர் முட்டுகளில் இடது வரிசையைக் கத்தியால் சீவியதுபோல் இருக்கிறது. வலது வரிசை கிட்டத்தட்ட புதுசு.

அதே பட்டறைக்கே கொண்டுபோனேன். மெக்கானிக் குனிந்துகூடப் பார்க்கவில்லை. "ஐஸ்லயே ஓட்டியிருக்கீங்க சார். ட்ராக் போச்சு, மாத்திடலாம்."

ஐஸில் ஓட்டினேன், இல்லை என்று சொல்லவில்லை. ட்ராக்குக்குள் நீளவாக்கில் இருக்கும் உலோக ரெயிலுக்கு அடியில் மாட்டிய ஸ்லைடுக்குப் பனிதான் குளிர்ச்சி, பனிதான் வழுவழுப்பு. தூள்பனி இல்லாத கெட்டி ஐஸில் வேகமாகப் போனால் ஸ்லைடு சூடேறி உருகும். கருகின பிளாஸ்டிக் வாசனை வந்தால் அதுதான். இன்ஜின் சூடும் ஏறும், ஏனென்றால் ட்ராக் வாரியடிக்கிற பனியை நம்பித்தான் பல வண்டிகளில் கூலன்ட் குளிர்கிறது. ஐஸைக் கீறி ஸ்லைடுமேல் தூளைத் தூவ ஸ்கிராட்சர் என்று கம்பிகள் உண்டு. நான் அதை மாட்டாமல் சோம்பேறித்தனமாக இருந்தேன். அது என் தப்பு. பனி இல்லாத தார் ரோட்டில் இரண்டு மூன்று முறை வண்டியை உருட்டியதும் என் தப்புதான்.

ஆனால் ஐஸ் இடது பக்கம் மட்டுமா இருந்தது? இதைத்தான் மெக்கானிக்கிடம் கேட்டேன். "அப்படித்தான் ஆகும்" என்றார். அந்தப் பதிலில்தான் சந்தேகம் வந்தது. வண்டியை வீட்டுக்கே திருப்பிக் கொண்டுவந்தேன்.

பின்பக்கத்தைத் தூக்கி ஸ்டாண்டில் வைத்து, இன்ஜினை அணைத்துவிட்டு, கையில் டார்ச்சோடு கீழே படுத்தேன். பின் ஆக்சிலின் இரண்டு பக்கமும் ஒவ்வொரு அட்ஜஸ்டர் போல்ட் இருக்கும். அலைன்மென்ட் என்பது முக்கியமாக அந்த இரண்டு போல்ட்டோடு இருக்கும் விவகாரம். வலது போல்ட்டை ஏகத்துக்கும் முறுக்கி உள்ளே தள்ளியிருந்தார்கள். இடது போல்ட் பாதியில் நிற்கிறது. ட்ராக் எப்போதும் லூசான பக்கம் நோக்கித்தான் நகரும். ஒரு சீசன் முழுக்க அது இடது பக்கம் ஒட்டிக்கொண்டே ஓடியிருக்கிறது. ட்ராக்கின் உள்ளே வரிசையாக இருக்கும் இரும்பு கிளிப்புகளில் ஒரு பக்கம் மட்டும் கண்ணாடி போலப் பளபளப்பு. பார்க்கத் தெரிந்தவருக்கு ஒரே பார்வை போதும்.

அடுத்தது ஸ்லைடு. இங்கேதான் எனக்கு ரத்தம் கொதித்தது. அதற்கும் முந்தின சீசனில் ஐஸில் ஓட்டி வலது ஸ்லைடின் முன் வளைவில் ஓர் உருகல் விழுந்திருந்தது. கட்டைவிரலை வைத்து அழுத்தினதுபோல ஒரு பள்ளம், அதன் ஓரத்தில் பிளாஸ்டிக் வழிந்து உறைந்த ஒரு சின்ன நாக்கு. டார்ச் வெளிச்சத்தில் அதே பள்ளம், அதே நாக்கு. "புது ஸ்லைடு ஒரு ஜோடி" என்று பில் போட்டிருக்கிறார்கள், கழற்றவே இல்லை.

திரும்பப் போய்க் கேட்டேன். பழைய ஸ்லைடைக் காட்டுங்கள் என்றால் "குப்பையில போட்டுட்டோம்." போனில் எடுத்த படத்தைக் காட்டியதும் குரல் இறங்கியது. ஸ்லைடு பணத்தை மட்டும் திருப்பிக் கொடுத்தார்கள். ட்ராக்குக்கு ஒரு பைசா இல்லை. அலைன்மென்ட் சரியாகத்தான் இருந்தது, ஓட்டும்போது நகர்ந்திருக்கும் என்று ஒரே பிடி. நான் தலையாட்டியிருந்தால் அதே கோணலில் இன்னொரு புது ட்ராக்கும் ஏறியிருக்கும்.

இரண்டாவது ட்ராக்கை வேறு ஒருவரிடம் போட்டேன். இந்த முறை பக்கத்திலேயே நின்றேன். அவர் முதலில் ட்ராக்குக்குள் உருளும் சின்னச் சக்கரங்களான போகி சக்கரங்களை ஒவ்வொன்றாகக் கையால் சுற்றினார். ஒன்றில் மணல் அரைவது போலச் சத்தம், பேரிங் போயிருந்தது. பிறகு ட்ராக்கின் கீழ் ஓட்டத்தில், நடுவில், மேனுவலில் சொன்ன எடையைத் தொங்கவிட்டு, ஸ்லைடுக்கும் ட்ராக்குக்கும் இடையில் எவ்வளவு இறங்குகிறது என்று ஸ்கேல் வைத்து அளந்தார். இந்த அளவு வண்டிக்கு வண்டி மாறும், அடுத்தவர் வண்டியின் அளவை உங்கள் வண்டிக்கு வைக்காதீர்கள். இறுக்கமாக இருந்தால் நல்லது என்று பலர் நினைக்கிறார்கள். அதிக இறுக்கம் ஸ்லைடையும் பேரிங்கையும் தின்னும், இன்ஜின் பலத்தையும் குடிக்கும். ரொம்ப லூஸாக விட்டால் பிரேக் போடும்போது டிரைவ் சக்கரத்தின் பல் முட்டைத் தாண்டிக் 'கடக் கடக்' என்று குதிக்கும். ஒவ்வொரு குதிப்பும் ரப்பர் முட்டுக்கு ஓர் அடி.

அப்புறம் ஆக்சில் போல்ட்டைத் தளர்த்தி, அட்ஜஸ்டரைக் கொஞ்சம் கொஞ்சமாகத் திருப்பி, ட்ராக்கை மெதுவாகச் சுற்றவிட்டு, இரண்டு பக்கமும் கிளிப்புக்கும் ஸ்லைடுக்கும் உள்ள இடைவெளி சமமாக வரும்வரை பார்த்தார். சமமானதும் இறக்கத்தை மறுபடி அளந்தார், ஒன்றைத் தொட்டால் மற்றது மாறும். ஆக்சிலை இறுக்கிய பிறகு இன்னொரு தடவை சுற்றிப் பார்த்தார். ட்ராக் சுற்றும்போது யாரும் வண்டிக்குப் பின்னால் நிற்கக் கூடாது. ஐஸில் பிடிப்புக்காக ஸ்டட் என்ற உலோக ஆணி அடித்த ட்ராக் என்றால் கேட்கவே வேண்டாம், கழன்று பறந்தால் தோட்டாதான்.

போகும்போது ஒன்று சொன்னார்: "புது ட்ராக் கொஞ்சம் நீளும். நாலைந்து மணி நேரம் ஓட்டிட்டு மறுபடி கொண்டாங்க." முதல் பட்டறை இதை எனக்குச் சொல்லவே இல்லை. சொல்லியிருந்தால் அந்தக் கோணல் அன்றைக்கே கண்ணில் பட்டிருக்கும்.

காலையில் ட்ராக் உறைந்து பிடித்திருந்தால் நான் இப்போது எடுத்தவுடன் த்ராட்டிலை முறுக்குவதில்லை, பின்பக்கத்தை ஆட்டித் தூக்கி விடுவித்துவிட்டுத்தான் கிளப்புகிறேன். ஸ்கிராட்சரும் மாட்டியாயிற்று. சீசன் முடிந்ததும் பின்பக்கம் தரையில் படாமல் தூக்கி, ட்ராக்கைத் தளர்த்தி, வெயில் படாத இடத்தில் வைக்கிறேன்.

சர்வீஸுக்கு விடும் முன் இரண்டு அட்ஜஸ்டர் போல்ட்டையும் படம் எடுத்துக்கொள்கிறேன். மாற்றச் சொல்லும் ஒவ்வொரு பாகத்திலும் வெளியே தெரியாத மூலையில் வெள்ளை பெயின்ட்டால் ஒரு புள்ளி. வண்டியை எடுக்கும்போது முதலில் பழைய பாகத்தைக் கேட்கிறேன். பில்லைக் கையில் வாங்குவது அந்தப் புள்ளியைப் பார்த்த பிறகுதான்.