கார்த்திகை மழையில் தரங்கம்பாடி: ஒரு பழைய வீட்டு விடுதியில் மூன்று இரவுகள்

பெரியப்பாவின் எண்பதாம் கல்யாணம் கார்த்திகை முதல் வாரம் திருக்கடையூரில் என்று முடிவானபோது, கோயிலைச் சுற்றியுள்ள விடுதிகளில் எங்களுக்கு ஓர் அறைகூடக் கிடைக்கவில்லை. அறுபதுக்கும் எண்பதுக்கும் அமிர்தகடேசுவரர் சந்நிதிக்கு வருகிறவர்கள் மழை, வெயில் பார்ப்பதில்லை. ஜன்ம நட்சத்திரம் எந்த மாதத்தில் விழுகிறதோ அந்த மாதத்தில் வந்தே ஆக வேண்டும். பக்கத்திலேயே இருக்கும் தரங்கம்பாடியில் நிலைமை நேர்மாறாக இருந்தது. பொங்கல் விடுமுறையில் வண்டி நிறுத்த இடமில்லாமல் போகும் அந்தக் கடலோர ஊரில், வடகிழக்குப் பருவமழையின் நடுவே யாரும் தங்க வருவதில்லை என்பதால், சீசனில் 4,000 ரூபாய் சொல்லும் அறையை 2,200 ரூபாய்க்குத் தருவதாகச் சொன்னார்கள். நானும் மனைவியும் ஞாயிறு முதல் புதன் வரை தங்கினோம். அந்த விடுதியைப் பற்றியும், மழைக்காலத்தில் அந்த ஊர் எப்படி இருக்கிறது என்பதைப் பற்றியும் விரிவாக எழுத வேண்டும் என்று தோன்றியது. நான் படித்துவிட்டுப் போன மதிப்புரைகள் அத்தனையும் வெயில் நாட்களில் வந்து போனவர்கள் எழுதியவை.

கும்பகோணத்திலிருந்து காரில் கிளம்பினோம். காவிரி நீராடல் நாட்களான கடைமுகமும் முடவன் முழுக்கும் முடிந்துவிட்டிருந்ததால் மயிலாடுதுறையில் நெரிசல் இல்லை. செம்பனார்கோயில் தாண்டியதும் இருபுறமும் சம்பாவும் தாளடியும் தண்ணீரில் நின்றன; வாய்க்கால் நிரம்பி வரப்பைத் தொட்டுக்கொண்டிருந்த இடங்களில் மண்வெட்டியோடு ஆட்கள் வடிகால் வெட்டிக்கொண்டிருந்தார்கள். இதே வழியில் 1926 முதல் 1986 வரை மயிலாடுதுறைக்கும் தரங்கம்பாடிக்கும் இடையே ரயில் ஓடியது. என் அம்மா சிறுமியாக இருந்தபோது அந்த ரயிலில் கடல் பார்க்கப் போனதை இன்றும் சொல்லுவார். அந்தப் பாதை திரும்ப வந்தால் டெல்டாவின் பாதி ஊர்களுக்குத் தரங்கம்பாடி ஒரு மாலைநேரத் தூரமாகிவிடும் என்பது என் நெடுநாள் ஆசை.

விடுதி, ஊரின் நுழைவாயிலைக் கடந்து நேராகக் கடலை நோக்கிப் போகும் கிங்ஸ் தெருவிலிருந்து பிரியும் ஒரு குறுக்குத் தெருவில் இருக்கிறது. திண்ணை, ரேழி, நடுவில் முற்றம், முற்றத்தைச் சுற்றித் தாழ்வாரம், மாடியில் இரண்டு அறைகள் என்று நம் பக்கத்து வீடு போலவே இருந்தாலும், உயரமான கதவுகளும் மரச்சட்டம் போட்ட பெரிய ஜன்னல்களும் அதற்கு வேறொரு முகத்தைக் கொடுத்திருக்கின்றன. மழை பெய்யும்போது அந்த முற்றத்தைப் பார்க்க வேண்டும். நான்கு பக்கத்து ஓட்டுச் சரிவிலிருந்தும் தண்ணீர் மூலைத் தகரக் கூம்புகளில் சேர்ந்து, தடித்த கயிறு போல இறங்கி, கீழே வைத்திருந்த பித்தளை அண்டாக்களில் விழுந்தது. அண்டா நிறைய நிறைய ஓசை மாறுவதைத் தாழ்வாரத்து மர நாற்காலியில் அமர்ந்து ஒரு மணி நேரத்துக்கு மேல் கேட்டுக்கொண்டிருந்தோம். டிசம்பர் கடைசியில் இருபது பேர் தங்கியிருக்கும்போது இது யாருக்கும் கிடைக்காது.

இனி குறைகளைச் சொல்ல வேண்டும். முதல் இரவு எங்களுக்குக் கொடுத்தது மாடியில் கிழக்குப் பார்த்த அறை. முன்பதிவு செய்யும்போது அனுப்பிய படத்தில் அந்த ஜன்னல் வழியே கடல் தெரிந்தது. நேரில், ஜன்னல் கதவுகள் மழையில் ஊறிப் பருத்து, சட்டத்தோடு இறுகிக்கொண்டு திறக்கவே மறுத்தன. மெத்தையில் ஈர வாடை. காலையில் எழுந்தபோது என் தலையணை உறை முழுவதும் மாவு தூவியது போல வெள்ளைப் பொடி. நாக்கில் வைத்துப் பார்த்தேன்; உப்புக் கரித்தது. கட்டிலின் தலைமாட்டுச் சுவரை விரலால் தடவியபோது, மேல் பூச்சு அப்பளம் போலப் பெயர்ந்து கையோடு வந்தது.

காரணம் எனக்குத் தெரிந்ததுதான். எங்கள் பூர்வீக வீட்டைப் பழுதுபார்த்த வயதான கொத்தனார் ஒருவர் பல முறை விளக்கியிருக்கிறார். செங்கல்லும் சுண்ணாம்புக் காரையும் கொண்டு கட்டிய பழைய சுவர், ஈரத்தை வாங்கி வெளியே விடும்; மழைக்காலத்தில் நனையும், தை மாதத்து வெயிலில் காய்ந்துவிடும். அதன்மேல் சிமெண்ட் பூசினால் ஈரம் வெளியேற வழியில்லாமல் உள்ளேயே தங்குகிறது. அதோடு கரைந்து வந்த கடல் உப்பு பூச்சுக்குப் பின்னால் படிகமாகி, பூச்சையே தள்ளிக்கொண்டு வெளியே வருகிறது. அந்த அறையில் தலைமாட்டு அளவுக்கு மட்டும் யாரோ சிமெண்ட் பூசியிருந்தார்கள். அதற்கு மேலே இருந்த பழைய சுண்ணாம்புப் பூச்சு வழவழப்பாக, ஒரு கீறல்கூட இல்லாமல் நின்றது. ஒரே சுவரில் இரண்டும் அடுத்தடுத்து இருந்ததைப் பார்த்தபோது மனம் வருந்தியது. இவ்வளவு அருமையான வீட்டைக் காப்பாற்றி வைத்திருக்கிறவர்கள் இந்த ஒன்றைக் கேட்டுத் தெரிந்துகொண்டிருக்கலாம்.

இரண்டாவது குறை காலை உணவு. அறை வாடகையில் காலை உணவும் சேர்ந்தது என்று முதலில் சொல்லியிருந்தார்கள். திங்கட்கிழமை காலையில்தான், ஆள் வராத மாதங்களில் சமையற்காரர் ஊருக்குப் போய்விடுவார் என்று தெரிந்தது. அன்றைக்குத் திருக்கடையூரில் கல்யாணச் சாப்பாடு இருந்ததால் எங்களுக்குச் சிரமமில்லை. ஆனால் சர்க்கரை நோய்க்காரர் ஒருவர் எட்டு மணிக்குச் சாப்பாடு இருக்கும் என்று நம்பி வந்திருந்தால் என்ன செய்வார்? மழைக்காலத்தில் அந்த ஊரில் எட்டு மணிக்குத் திறந்திருப்பது ஒரே ஒரு டீக்கடை. இட்லி வேண்டுமானால் பொறையாறுக்குத்தான் போக வேண்டும். வாடகையைக் குறைத்ததை நான் மதிக்கிறேன். எதையெல்லாம் நிறுத்தி வைத்துவிட்டு அந்த வாடகைக்கு வந்திருக்கிறார்கள் என்பதை முன்பதிவின்போதே சொல்லிவிடுவதுதான் முறை.

இந்த இரண்டையும் விடுதியைப் பார்த்துக்கொள்பவரிடம் திங்கட்கிழமை மாலை சொன்னேன். அவர் ஒரு சாக்கும் சொல்லவில்லை. "நீங்க சொல்றது சரிதான் சார். மேற்குப் பக்கத்து ரூமுக்கு மாத்தித் தர்றேன், அதுல ஈரம் இல்ல" என்று சொல்லி அரை மணி நேரத்தில் பெட்டிகளைத் தூக்கிக்கொண்டு போய் வைத்தார். அந்த அறையில் கடல் தெரியவில்லை. ஆனால் சுவர் உலர்ந்திருந்தது, ஜன்னல் திறந்தது, இரவு முழுவதும் அலை ஓசை கேட்டது. மழைக்காலத்தில் போகிறவர்கள் மேற்கு அறையையே கேட்டு வாங்க வேண்டும்.

செவ்வாய்க்கிழமை மதியம் அவர் மனைவியே எங்களுக்குச் சமைத்துப் போட்டார். "அக்கா, நாலு நாளா போட்டு எறங்கல. கருவாடுதான் இருக்கு, சாப்பிடுவீங்களா?" என்று என் மனைவியிடம் தயங்கித் தயங்கிக் கேட்டார். வங்கக் கடலில் காற்றழுத்தம் என்று சொல்லி மீனவர்கள் கடலுக்குப் போக வேண்டாமென்று ஆட்டோவில் ஒலிபெருக்கி வைத்து அறிவித்துக்கொண்டிருந்த நாட்கள் அவை. ஃபைபர் படகுகளெல்லாம் மேட்டில் ஏற்றிக் கட்டப்பட்டிருந்தன. நெத்திலிக் கருவாட்டையும் பிஞ்சுக் கத்தரிக்காயையும் போட்டு, புளி குறைவாக, எண்ணெய் பிரிந்து மேலே நிற்கும் பதத்தில் ஒரு குழம்பு வைத்தார். கூடவே சுட்ட அப்பளம், மிளகு ரசம். அடைமழையில் அந்தக் குழம்பைச் சூடான சோற்றில் பிசைந்து சாப்பிட்டதற்கு ஈடாக வேறு எதையும் இந்தப் பயணத்தில் சொல்ல மாட்டேன். ஊருக்கு வருகிறவர்கள் வறுத்த வஞ்சிரமும் இறாலும் கேட்பார்கள் என்று நினைத்து, தங்கள் வீட்டு மழைக்காலச் சாப்பாட்டை விருந்தினருக்குக் காட்டவே அவர்கள் கூச்சப்படுகிறார்கள். அந்தக் கூச்சம் தேவையில்லை என்று அவரிடமே சொன்னேன்.

மழை விட்டு விட்டுப் பெய்ததால் ஊரைத் தவணை தவணையாகத்தான் பார்த்தோம், அதுவே நல்லதாயிற்று. 1620-இல் தஞ்சை ரகுநாத நாயக்கரோடு ஒப்பந்தம் செய்துகொண்டு டேனிஷ்காரர்கள் கட்டிய டேன்ஸ்பெர்க் கோட்டையில் செவ்வாய்க்கிழமை காலையில் எங்களைத் தவிர இரண்டு கல்லூரி மாணவர்கள் மட்டும் இருந்தார்கள். வேறு நாட்களில் மேல்தளத்தில் படம் எடுக்கும் கூட்டத்தைக் கடந்து போவதே பெரும்பாடு. அன்று கீழ்த்தளத்து வளைவுக் கூரை அறைகளில் நிதானமாக நிற்க முடிந்தது. 1706-இல் இந்தக் கரையில் வந்திறங்கிய ஜெர்மானிய மதபோதகர் சீகன்பால்கு, டேனிஷ் ஆளுநரோடு ஏற்பட்ட பிணக்கால் 1708-இல் கைதாகி நான்கு மாதம் இந்தக் கோட்டையில்தான் சிறைவைக்கப்பட்டிருந்தார். வெளியே மழை அடிக்க, உள்ளே ஒரு சிறு துவாரத்திலிருந்து மட்டும் வெளிச்சம் வர, அங்கே நான்கு மாதம் என்பது என்ன என்று ஓரளவு புரிந்தது. வெளியே வந்த பிறகுதான் அவர் ஜெர்மனியின் ஹாலே நகரிலிருந்து தமிழ் அச்செழுத்துகளை வரவழைத்து, 1714, 1715-இல் புதிய ஏற்பாட்டைத் தமிழில் அச்சிட்டார். பெரிதாக இருந்த எழுத்துகள் காகிதத்தைத் தின்றதால் சிறிய எழுத்துகளை இங்கேயே வார்த்தார்கள். பொறையாற்றில் காகித ஆலையும் வைத்தார்கள். தமிழில் படித்து, தமிழில் எழுதிப் பிழைக்கிற எவரும் இந்த ஊருக்கு ஒரு முறையாவது வந்து நிற்க வேண்டும் என்று நான் சொல்லுவது இதனால்தான்.

அவர் கட்டிய புது எருசலேம் ஆலயம் கிங்ஸ் தெருவிலேயே இருக்கிறது. 1718-இல் கட்டி முடித்து, மறு ஆண்டே முப்பத்தாறு வயதில் இறந்து, அதன் பலிபீடத்துக்கு அருகிலேயே அடக்கமானார். முகப்பில் டென்மார்க் அரசர் நான்காம் ஃபிரெடெரிக்கின் பெயரெழுத்துகள் பின்னிய முத்திரை இருக்கிறது. மழையில் கழுவிவிட்டிருந்ததால் பாசிக்கு நடுவே அதன் கோடுகள் தெளிவாகத் தெரிந்தன.

மாசிலாமணிநாதர் கோயிலை மட்டும் மழைக்காலத்தில் பார்ப்பது சுலபமில்லை. மாறவர்மன் குலசேகர பாண்டியன் காலத்தில், 1306-இல் எழுந்த கோயில் அது. முன்பகுதியைக் கடல் எப்போதோ கொண்டுபோய்விட்டது. கருங்கற்களைக் கொட்டி அரண் போட்டிருந்தும், வாடைக் காற்றில் எழுந்த அலை அந்தக் கற்களின் மேலேறிச் சிதறி எங்கள் முகத்தில் அடித்தது. கோடையில் பார்த்தால் கடலோரத்தில் ஒரு கோயில். கார்த்திகையில் பார்த்தால் எழுநூறு ஆண்டுகளாக இந்தக் கடலோடு அது படுகிற பாடு தெரியும். 2004 டிசம்பர் 26 அன்று இந்தக் கரையில் நடந்ததை எங்களோடு வந்த விடுதிக்காரர் அங்கே நின்று சொன்னார். சுருக்கமாகத்தான் சொன்னார், நாங்களும் மேலே எதுவும் கேட்கவில்லை.

போகிறவர்களுக்குச் சில செய்திகள். கடலில் கால் நனைக்கும் எண்ணத்தோடு போக வேண்டாம்; உப்பனாற்று வெள்ளம் கலந்து கரையோரத் தண்ணீர் செம்மண் நிறமாக இருக்கிறது, இழுப்பும் அதிகம். மின்சாரம் எங்களுக்கு இரண்டு முறை போனது. விடுதியில் இன்வெர்ட்டர் இருந்தாலும் அது விளக்குக்கும் விசிறிக்கும் மட்டுந்தான், வெந்நீருக்கு உதவாது. கேட்டால் விறகடுப்பில் காய்ச்சித் தருகிறார்கள். புயல் எச்சரிக்கை வந்துவிட்டால் முன்பணத்தைத் திருப்பித் தருவீர்களா என்று கேட்டேன். தேதியை மாற்றித் தருவோம், பணம் திரும்பாது என்றார்கள். நவம்பரில் அறை பதிவு செய்கிறவர்கள் இதை மனத்தில் வைத்துக்கொள்ள வேண்டும். 2018-இல் கஜா புயல் கரையைக் கடந்ததும் நவம்பர் 16-இல்தான்.

புதன்கிழமை விடியலில் வானம் வெளுத்திருந்தது. கரைக்குப் போனபோது படகுகளைப் பத்துப் பன்னிரண்டு பேர் சேர்ந்து தண்ணீருக்குத் தள்ளிக்கொண்டிருந்தார்கள். ஐந்து நாள் வருமானமில்லாமல் இருந்த தெருவில் பேச்சுக் குரலே வேறாக இருந்தது. நாங்கள் கிளம்பும் நேரத்தில் ஒரு படகு திரும்பி வந்துவிட, விடுதிக்கார அம்மா ஓடிப்போய் ஒரு கிலோ மத்தி வாங்கி, பனை ஓலையில் பொதிந்து என் மனைவி கையில் கொடுத்தார். காசு வாங்க மறுத்துவிட்டார்.

கிழக்கு அறையின் சிமெண்ட் பூச்சைக் கொத்தி எடுத்துவிட்டு, தை பிறந்ததும் சுண்ணாம்பு பூசப்போவதாக அவர் கணவர் சொன்னார். எங்கள் கொத்தனாரின் தொலைபேசி எண்ணைக் கேட்டு, வரவு செலவு எழுதும் நோட்டின் பின்பக்கத்தில் குறித்துக்கொண்டார். வேலை முடிந்ததும் அழைக்கிறேன் என்றார். அழைத்தால் அடுத்த கார்த்திகைக்கு அந்த அறையையே பதிவு செய்வேன்.