நடைவண்டியா, வாக்கரா?

குழந்தைக்கு ஆறு மாதம் முடிந்தால் போதும், யாராவது ஒரு வாக்கரோடு வந்து நிற்பார்கள். எங்கள் வீட்டுக்கு என் அண்ணன் வாங்கி வந்தான். வட்டச் சட்டம், நடுவில் துணி இருக்கை, முன்னால் பாட்டுப் பாடும் தட்டு. மகளை அதில் உட்கார வைத்ததும் எல்லோரும் கைதட்டினோம். நான் தரையோடு குனிந்து அவள் காலைப் பார்த்தேன். பாதம் தரையில் படியவே இல்லை. விரல் நுனியால் உந்தி உந்தித்தான் வண்டியை நகர்த்திக்கொண்டிருந்தாள்.

நடப்பது என்றால் கால் அசைப்பது மட்டும் இல்லையே. எடையை ஒரு காலிலிருந்து மறு காலுக்கு மாற்ற வேண்டும், சாயும்போது தானே நிமிர வேண்டும். வாக்கரில் எடையை இருக்கை வாங்கிக்கொள்கிறது, சாய்ந்தால் சட்டம் தாங்கிக்கொள்கிறது. முன்தட்டு மறைப்பதால் தன் காலைக்கூட குழந்தையால் பார்க்க முடியாது. வாக்கரில் விட்டால் சீக்கிரம் நடக்கும் என்று நாம் நம்புகிறோம். தாமதமாகலாம் என்றுதான் குழந்தை மருத்துவர்கள் எச்சரிக்கிறார்கள்.

அதைவிட என்னைப் பயமுறுத்தியது வேகம். ஒரு நொடியில் மூன்றடிக்கு மேல் பாய்ந்துவிடும். நாம் பக்கத்திலேயே நின்றாலும் வாசற்படிக்கு முன்னால் எட்டிப் பிடிக்க முடியாது. மேசை ஓரத்துக் காபி டம்ளரும் கைக்கு எட்டும். கனடா 2004 ஏப்ரலில் வாக்கர் விற்பதையும் இறக்குமதி செய்வதையும் தடை செய்துவிட்டது. பழையதைக்கூட அங்கே விற்க முடியாது.

நடைவண்டியில் உட்கார இடமே கிடையாது. மூன்று சக்கரம், ஒரு கைப்பிடி, அவ்வளவுதான். பிடித்துக்கொண்டு எழுந்து நிற்கத் தெரிந்த பிறகுதான் அது பயன்படும். பிடியை விட்டால் பொத்தென்று உட்கார வேண்டியதுதான். அம்பாசமுத்திரம் பக்கம் சொப்புச் சாமானோடு சேர்த்து மரத்தில் செய்து விற்பார்கள். அப்படி ஒன்றை அம்மா வாங்கி அனுப்பினார்.

அதிலும் குறை உண்டு. டைல்ஸ் தரையில் வழுக்கிக்கொண்டு முன்னால் ஓடும், குழந்தை முகம் குப்புற விழும். சக்கரத்தில் பழைய துணியைச் சுற்றிய பிறகுதான் அடங்கியது. மண் தரையாக இருந்தால் இந்தத் தொல்லை இல்லை. இன்னொன்று, முன்சக்கரம் திரும்பாது. சுவரில் முட்டியதும் மகள் நின்று அழுவாள், நான் திருப்பி விடுவேன். ஒருநாள் வேண்டுமென்றே போகாமல் இருந்தேன். கொஞ்ச நேரம் முறைத்துப் பார்த்தாள். அப்புறம் கைப்பிடியைத் தூக்கி, பின்பக்கத்தை ஒரு இழுப்பு இழுத்தாள். வண்டி பாதி திரும்பியது. இன்னொரு இழுப்பு. அன்று சாப்பாட்டைக்கூட மறந்து அதையே செய்துகொண்டிருந்தாள். வாக்கர் இதை ஒருநாளும் கற்றுக்கொடுத்திருக்காது.

நடைவண்டி கிடைக்காவிட்டாலும் பரவாயில்லை. கனமான ஸ்டூலைத் தள்ளவிடலாம், சோபா ஓரத்தைப் பிடித்து நடக்கவிடலாம். எடை குறைந்த பிளாஸ்டிக் நாற்காலி மட்டும் வேண்டாம், சாய்ந்துவிடும். எழுந்து நிற்காத குழந்தைக்குத் தரையில் விரித்த பாய் போதும். அவசரப்பட ஒன்றுமில்லை. உலக சுகாதார நிறுவனத்தின் கணக்கில் 8 மாதத்திலிருந்து ஏறக்குறைய 18 மாதம் வரை எப்போது தனியாக நடந்தாலும் இயல்புதான்.

வாக்கரை வேறு வீட்டுக்குக் கொடுக்க எனக்கு மனம் வரவில்லை. அண்ணனிடம் காரணத்தைச் சொல்லிவிட்டுச் சக்கரங்களைக் கழற்றிப் போட்டேன். பாட்டுத் தட்டு மட்டும் பாயில் கிடக்கிறது, குப்புறப் படுத்தபடி தட்டி விளையாடுகிறாள்.