கையால் வாழ்த்து அட்டை, நாலு வருஷம்: எதற்குக் காசு போட்டேன், எது மிஞ்சியது

நாலு வருஷத்துக்கு முன்னால் அக்கா மகளின் பிறந்தநாளுக்கு ஒரு வாழ்த்து அட்டை செய்து கொடுத்தேன். கடையில் கேட்டால் நூற்றைம்பது ரூபாய் சொன்னார்கள். இதை நாமே செய்ய மாட்டோமா என்ற வீம்புதான் ஆரம்பம். அந்த அட்டையைப் போன மாதம் அவள் அலமாரியிலிருந்து எடுத்துக் காட்டினாள். மடித்த இடம் தோல் உரிந்த மாதிரி வெள்ளை வெள்ளையாகப் பிளந்திருந்தது. ஒட்டிய பூவில் பாதி உதிர்ந்துவிட்டது. சிவப்பு ஸ்கெட்ச் பேனாவில் நான் எழுதிய அவள் பெயர், வெளுத்த ரோஸாகத் தேடினால்தான் தெரிகிறது. "சித்தி, இது நிஜமாவே நீங்க பண்ணதா?" என்று கேட்டாள். நான்தான்.

அதோடு நிறுத்தவில்லை. பிறந்தநாள், கல்யாண நாள், பொங்கல், பணி ஓய்வு என்று இதுவரை முந்நூறு அட்டையாவது செய்திருப்பேன். ஒவ்வொரு வகையிலும் ஒன்றைச் செருப்புப் பெட்டியில் போட்டு வைத்திருக்கிறேன். தாள் என்ன, பசை என்ன, எந்த மாதம் செய்தது என்று பின்பக்கம் பென்சிலில் குறிப்பு. அந்தப் பெட்டியைப் பிரித்து வைத்துக்கொண்டுதான் இதை எழுதுகிறேன்.

எல்லோரையும் போல நானும் முதலில் வாங்கியது ஒரு 'கார்டு மேக்கிங் கிட்'. ஆன்லைனில் 1,200 ரூபாய். திறந்தால் தீபாவளிப் பட்டாசுப் பெட்டி மாதிரி இருந்தது: பூப்போட்ட தாள், நெளிநெளியாக வெட்டும் கத்தரி, ஜிகினாப் பொடி, கல், மணி, ஸ்டிக்கர், சாட்டின் ரிப்பன், க்ளூ கன். பட்டாசு மாதிரியே ஒரு வாரத்தில் காலியும் ஆனது. கத்தரி ஐந்தாவது அட்டைக்கே மழுங்கிவிட்டது. பூப்போட்ட தாளில் பசை பட்டதும் அப்பளமாகப் பொங்கியது. ஜிகினா மட்டும் இன்னும் வீட்டில் இருக்கிறது. டப்பாவில் இல்லை, போர்வையில், சீப்பில், ஒருமுறை தயிர்சாதத்திலும். தயவுசெய்து ஜிகினா வாங்காதீர்கள்.

இன்று தினமும் கையில் எடுப்பவை வேறு. ஒடித்து ஒடித்துப் பயன்படுத்தும் பிளேடு போட்ட கட்டர், 30 செ.மீ. ஸ்டீல் ஸ்கேல், ஏ3 அளவில் பச்சை நிற கட்டிங் மேட். மூன்றும் சேர்ந்து ஐந்நூறு ரூபாய்க்குள் அடங்கின. பிளாஸ்டிக் ஸ்கேலை வைத்து வெட்டினால் பிளேடு ஸ்கேலையே சீவிவிடும். அப்புறம் அந்த ஸ்கேலில் நேர்கோடு வராது. பிளேடு விஷயத்தில் கஞ்சத்தனம் கூடாது. மழுங்கிய பிளேடு தாளை வெட்டாது, பிய்க்கும். பத்துப் பன்னிரண்டு அட்டைக்கு ஒருமுறை ஒரு துண்டை ஒடித்துப் போட்டுவிடுகிறேன். ஒரே இழுப்பில் அழுத்தி வெட்டவும் வேண்டாம். எழுந்து நின்றுகொண்டு மூன்று முறை லேசாக இழுத்தால் ஓரம் வெண்ணெய் மாதிரி வரும். உட்கார்ந்தபடி அழுத்தி வெட்டியதன் அடையாளம் என் இடது ஆள்காட்டி விரலில் இன்னும் இருக்கிறது.

அடுத்தது தாள். என் காசில் பெரும்பகுதி தப்பாகப் போனது இதில்தான். முதலில் சார்ட் பேப்பர் வாங்கினேன். மடித்து மேஜையில் நிற்க வைத்தால், தூக்கம் வந்த பிள்ளை மாதிரி மெதுவாகச் சாயும். பிறகுதான் ஜிஎஸ்எம் என்ற கணக்கு புரிந்தது. ஒரு சதுர மீட்டர் தாள் எத்தனை கிராம் என்பதுதான் அது. ஜெராக்ஸ் தாள் 70, 80. அட்டைக்கு 250லிருந்து 300 வரை வேண்டும். பாரிமுனை ஆண்டர்சன் தெருவில் பேப்பர் கடைகள் வரிசையாக இருக்கின்றன. "ஐவரி ஷீட், 300 ஜிஎஸ்எம், ஏ4 சைஸ்" என்று கேட்டால் எடுத்துப் போடுவார்கள். கல்யாணப் பத்திரிகை அடிப்பவர்களின் கூட்டத்துக்கு நடுவே பத்துத் தாள் கேட்டு நின்றால் ஒரு மாதிரி பார்ப்பார்கள். பார்த்துவிட்டுப் போகட்டும்.

நல்ல தாள் வாங்கியும் மடிப்பு பிளந்துகொண்டே இருந்தது. காரணம் தெரிய ஒரு வருஷம் ஆனது. இயந்திரத்தில் செய்த தாளுக்கு, மூங்கிலுக்கு இருப்பது போல, நார் ஓடும் திசை ஒன்று உண்டு. அந்தத் திசையிலேயே மடித்தால் சமர்த்தாக மடியும்; குறுக்கே மடித்தால் நார் முறிந்து வெடிக்கும். கண்டுபிடிப்பது சுலபம். தாளை மடிக்காமல் இரண்டு பக்கமாகவும் லேசாக வளைத்துப் பாருங்கள். எந்தப் பக்கம் எதிர்ப்புக் காட்டாமல் வளைகிறதோ, அதுதான் மடிக்கவேண்டிய பக்கம். கடையில் கிடைக்கும் ஏ4 தாள்களில் பெரும்பாலும் நார் நீளவாக்கில்தான் ஓடும். நான் முழு ஏ4 தாளை இரண்டாக மடித்துப் பெரிய அட்டை செய்துகொண்டிருந்தேன். அதாவது ஒவ்வொரு முறையும் நாருக்குக் குறுக்கே! அதே தாளை 148.5 மி.மீ.யில் இரண்டாக வெட்டி, ஒவ்வொரு பாதியையும் 105 மி.மீ.யில் மடித்தால் மடிப்பு நாரோடு ஒத்துப்போகும். ஒரு தாளுக்கு இரண்டு அட்டையும் கிடைக்கும்.

மடிக்கும் முன் கோடு இழுப்பது அடுத்த பாடம். இதற்கென்று எலும்பில் செய்த கருவியெல்லாம் விற்கிறார்கள். என்னிடம் இருப்பது மை தீர்ந்த பால்பாயின்ட் பேனா. ஸ்கேலை வைத்து ஒரே சீராக அழுத்தி இழுத்தால் ஒரு பக்கம் பள்ளமும் மறுபக்கம் மேடும் விழும். மேடு உள்ளே போகிற மாதிரி மடிக்க வேண்டும். பள்ளம் இருக்கும் பக்கமாக மடிப்பதுதான் சரி என்றுதான் கைக்குத் தோன்றும், எனக்கும் தோன்றியது. பெட்டியில் இருக்கும் முதல் நாற்பது அட்டைகளும் அப்படி மடித்தவைதான். எல்லாவற்றிலும் மடிப்பு கொஞ்சம் உப்பலாகவே இருக்கிறது.

பெரிய அட்டையைக் கைவிட இன்னொரு காரணம் என் பெரியப்பா. முதல் வருஷப் பொங்கலுக்கு, முழு ஏ4 தாளில் செய்த அட்டையை ஐந்து ரூபாய் தபால்தலை ஒட்டித் தென்காசிக்கு அனுப்பினேன். நாலு நாள் கழித்து போன். "ஏம்மா, நீ வாழ்த்து சொன்னதுக்கு நான் போஸ்ட்மேனுக்குப் பத்து ரூபா அழணுமா?" சாதாரணக் கடிதத்துக்கு 20 கிராம் வரைதான் ஐந்து ரூபாய். குறைவாக ஒட்டினால், குறைந்த தொகையைப் போல இரண்டு மடங்கைப் பெறுபவரிடம் வாங்கிவிடுவார்கள். ஒரு சதுர மீட்டரில் பதினாறு ஏ4 தாள் அடங்கும். 300ஐப் பதினாறால் வகுத்தால் 18.75. ஆக, உறை போடும் முன்பே என் அட்டை கிட்டத்தட்ட 19 கிராம். பாதி அளவு அட்டை 9.4 கிராம்தான், உறையோடு சேர்த்தாலும் 14ஐத் தாண்டாது. இப்போது சமையலறைத் தராசில் நிறுத்துப் பார்த்துவிட்டுத்தான் ஒட்டுகிறேன்.

உறையும் வீட்டில்தான். ஏ4 தாளை 21 செ.மீ. சதுரமாக வெட்டி, முனை மேலே வருமாறு வைத்து, நடுவில் அட்டையைப் படுக்கப் போட்டு நாலு முனையையும் உள்ளே மடித்தால் போதும். அட்டையை ஒட்டியே மடிக்காமல் சுற்றிலும் இரண்டு மி.மீ. விடுங்கள், இல்லாவிட்டால் வெளியே எடுக்கும்போது முனை மடங்கும்.

பசைகள் நாலு வருஷத்தில் எப்படி ஆயின என்பதற்குச் செருப்புப் பெட்டிதான் சாட்சி. க்ளூ ஸ்டிக்கில் ஒட்டியவை இரண்டாவது கோடையிலேயே விட்டுவிட்டன. டபுள் சைடு டேப் ஓரங்களில் மஞ்சளித்து, சிலவற்றில் தாள் வழியாகக் கறையும் தெரிகிறது. க்ளூ கன் துளிகள் பட்டென்று முழுசாகப் பெயர்ந்து வருகின்றன. வெள்ளைப் பசை ஒன்றுதான் அசையவே இல்லை. ஆனால் அதில் தண்ணீர் இருப்பதால் தாள் நெளியும். சாப்பாட்டில் ஊறுகாய் வைக்கிற அளவு தொட்டு, பழைய ஏடிஎம் கார்டால் மெல்லிசாக இழுத்து ஒட்டி, மேலே நாலு தடிப் புத்தகத்தை ஒரு ராத்திரி வைத்தால் நெளிவு வராது. சென்னை ஐப்பசி ஈரத்தில் ஒரு ராத்திரி போதாது, இரண்டாகவே வைத்துக்கொள்ளுங்கள்.

அலங்காரத்தில் நான் பட்டவற்றைச் சொன்னால் முடியாது. குவில்லிங் பழகினேன். 3 மி.மீ. அகலத் தாள் பட்டையைச் சுருட்டி, கிள்ளி, இதழாக்கிப் பூ செய்தேன். நேரில் கொடுத்தால் அழகு. தபாலில் அனுப்பினால், முத்திரை குத்தும் அடியில் பூ சப்பாத்தியாகிவிடும். எம்போஸிங் பவுடரையும் விடவில்லை. ஈர மையில் பொடியைத் தூவிச் சூடாக்கினால் உருகி, எழுத்து மேடாக மின்னும். ஹீட் கன் வாங்க மனசில்லாமல் ஹேர் டிரையரைப் பிடித்தேன். பொடி முழுவதும் பறந்து ஜன்னல் திரையில் ஒட்டியது. அடுத்து, காயும் தோசைக்கல்லுக்கு ஒரு சாண் மேலே அட்டையைப் பிடித்தேன். உருகியது! "வாழ்த்துகள்" என்ற எழுத்து தங்கமாக எழும்பி வந்தது. அந்தச் சந்தோஷத்தில் கையைத் தாழ்த்திவிட்டேன், கீழ் முனை பழுப்பாகிவிட்டது. ஆறாயிரம் ரூபாய்க்கு வாங்கிய, தாளை வடிவமாக வெட்டும் கைச்சக்கர இயந்திரம் பத்து முறைகூடச் சுற்றவில்லை; பக்கத்து வீட்டுக்குப் போய்விட்டது.

இலவசமாகக் கிடைத்த இரண்டுதான் நிலைத்தன. ஒன்று வெண்டைக்காய். குறுக்கே நறுக்கினால் ஐந்து பட்டைப் பூ. நறுக்கியதைச் செய்தித்தாளில் பத்து நிமிஷம் கவிழ்த்து வைத்தால் வழவழப்பு போகும். போஸ்டர் கலரைத் தூரிகையால் பூசி அச்சு வையுங்கள், தொட்டு முக்கினால் ஓட்டை அடைந்துவிடும். காம்புப் பக்கம் பெரிய பூ, நுனிப் பக்கம் சின்னப் பூ. முற்றல் காய்தான் நல்லது. குழம்புக்கு ஆகாதது இதற்கு ஆகிறது.

இன்னொன்று பழைய கல்யாணப் பத்திரிகை. தடிமன், தங்க அச்சு, பட்டு மாதிரித் தாள், இதையெல்லாம் காசு கொடுத்து வாங்கினால் கட்டுப்படியாகாது. ஓர வேலைப்பாட்டை வெட்டி எடுத்தால் அதுவே அட்டைக்குக் கரை. நாலு முனையிலும் தடவிய மஞ்சளை வெட்டித் தள்ளிவிட வேண்டும், இல்லையென்றால் பக்கத்து வெள்ளைத் தாளில் ஏறும். ஒரே சங்கடம் பிள்ளையார். அவர் மேல் கட்டர் வைக்கக் கை வரவில்லை, குப்பையில் போடவும் முடியவில்லை. சுற்றிலும் வெட்டி எடுத்துத் தனி உறையில் போடுகிறேன். இப்போது என்னிடம் அறுபது பிள்ளையார்கள் இருக்கிறார்கள். யோசனை இருந்தால் சொல்லுங்கள்.

கைக்காகிதத்தையும் சொல்லவேண்டும். புதுச்சேரியில் ஸ்ரீ அரவிந்தர் ஆசிரமத்தின் கைக்காகிதக் கூடம் 1959லிருந்து இருக்கிறது. பருத்தித் துணிக் கழிவிலிருந்து செய்த தாள். ஓரம் பிய்ந்த மாதிரியே அழகு, வெட்டவே தோன்றாது. நார் திசையும் பெரிதாகக் கிடையாது, எப்படி மடித்தாலும் முரண்டு பிடிக்காது. முக்கியமானவர்களுக்கு மட்டும் எடுக்கிறேன். கைக்காகிதம் என்று வேறொரு கடையில் வாங்கியதில் இங்க் பேனாவை வைத்ததும் ஒற்றுத்தாளாக ஊறிப் பரவியது. எங்கு வாங்கினாலும் ஒரு மூலையில் எழுதிப் பார்த்துவிட்டு வாங்குங்கள்.

விற்கலாமே என்பார்கள், எனக்கும் சொன்னார்கள். பன்னிரண்டு அட்டைக்கு ஆர்டர் எடுத்தேன். ஆளுக்கு ஒரு பெயர், ஒரு நிறம், இரண்டு திருத்தம். ஒன்றுக்கு ஒன்றரை மணி நேரம். எண்பது ரூபாய் சொன்னதற்கு "பேப்பர் தானேங்க" என்றார்கள். அத்தோடு சரி.

எங்கள் சின்ன வயதில் பொங்கல் வாழ்த்து என்றால் சிவகாசியில் அச்சான அட்டைதான். மார்கழி பாதியிலேயே பெட்டிக்கடை வாசலில் கயிறு கட்டித் தொங்கவிட்டிருப்பார்கள்: கரும்பு, பானை, ஜோடி மாடு, எம்ஜிஆர், ரஜினி. யாருக்கு எந்த நடிகர் என்று பார்த்துப் பார்த்து எடுப்போம். அந்த ஆசையில் ஒவ்வொரு மார்கழியும் நாற்பது அட்டை செய்ய உட்காருகிறேன், இருபத்தைந்தைத் தாண்டியதில்லை.

பெரியப்பாவுக்கு மட்டும் தவறாமல் போகும். போன தை மாதம் அவரிடமிருந்து ஒரு உறை வந்தது. உள்ளே தினசரிக் காலண்டரின் பின்னட்டையில் வெட்டிய வாழ்த்து. நாருக்குக் குறுக்கே மடித்து, மடிப்பு பிளந்து, நீல மையில் இரண்டு கரும்பும் பானை என்று நான் எடுத்துக்கொண்ட ஒரு வட்டமும். தராசில் வைத்தேன், 11 கிராம். ஐந்து ரூபாய்த் தபால்தலை ஒன்றே போதும். இரண்டு ஒட்டியிருந்தார்.