கிறிஸ்துமஸ் முதல் பொங்கல் வரை: மூன்றடுக்கு மண்பானை உரக்கலன் ஒரு மதிப்புரை

சமையலறைக் கழிவை வீட்டிலேயே உரமாக்குவதற்கென்று விற்கப்படும் மூன்றடுக்குச் சுடுமண் பானைகளை மதிப்பிடுகிறவர்கள் பெரும்பாலும் சாதாரண நாட்களின் சமையலை மனத்தில் வைத்தே எழுதுகிறார்கள். டிசம்பர் இறுதி வாரத்தில் தொடங்கிப் பொங்கல் கழியும் வரை ஒரு வீட்டில் சேரும் குப்பையை இந்தப் பானைகள் தாங்குமா என்பதுதான் வாங்கும்முன் கேட்க வேண்டிய கேள்வி. சென்னையில் எங்கள் அடுக்குமாடி வீட்டுப் பால்கனியில் இருக்கும் கலனை அந்த அளவுகோலை வைத்தே இங்கு மதிப்பிடுகிறேன்.

அமைப்பு எளிமையானது. மேலிரண்டு பானைகளின் அடிப்பகுதி திறந்திருக்க, அங்கே கயிற்று வலை பின்னப்பட்டிருக்கும்; பக்கங்களில் காற்றுத் துளைகள் உண்டு. மேல்பானையில் கழிவைப் போட்டு, ஒவ்வொரு முறையும் அதன்மேல் தென்னை நார்க்கழிவுத் தூளைத் தூவிக்கொண்டே வந்து, அது நிறைந்ததும் நடுப்பானையோடு இடம் மாற்ற வேண்டும். பாதி மக்கியது கீழ்ப்பானைக்குப் போய் அங்கே முற்றும். சுட்ட மண் ஈரத்தை மெல்ல உறிஞ்சி வெளியே விடுவதால் பிளாஸ்டிக் வாளியில் வருவதுபோல் உள்ளே வேர்த்து அழுகுவதில்லை. வெயில் மாதங்களில் இந்தக் குணம் மிகவும் கைகொடுக்கிறது.

மார்கழியில் நிலைமை வேறு. வடகிழக்குப் பருவமழையின் ஈரம் முழுதாக வடியாத நிலையில் இரவுப் பனியும் சேர, பானையின் சுவர் காய்வதே இல்லை. அதே நேரத்தில்தான் கிறிஸ்துமஸ் விருந்தின் வெங்காயத் தோலும் ஆரஞ்சுத் தோலும், வாசற்கோலத்தில் வைத்து வாடிய பூசணிப்பூக்களும், விருந்தினர் சாப்பிட்ட வாழையிலைகளும் ஒன்றாக வந்து சேர்கின்றன. பெரும்பாலும் நீர் மிகுந்த பச்சைக் கழிவு. கழிவு மக்குவதற்குத் தழைச்சத்து (நைட்ரஜன்) ஒரு பங்கென்றால் கரிமச்சத்து (கார்பன்) 25 முதல் 30 பங்கு வரை இருக்க வேண்டும் என்பது பொதுக்கணக்கு. கரிமச்சத்து மிகுந்த காய்ந்த பொருளைக் கூட்டாமல் பச்சையை மட்டும் கொட்டிக்கொண்டே போனால், காற்றுப் புகாமல் புளித்த நாற்றம் எழுந்து, கீழே கறுப்பு நீர் கசியும்.

இந்த இடத்தில்தான் பானையோடு தரப்படும் கையேட்டின் மீது எனக்குக் குறை உண்டு. 'சமையலறைக் கழிவு அனைத்தையும் போடலாம்' என்று அது சொல்கிறது. பிரியாணிக் கோழியின் எலும்பு எளிதில் மக்குவதில்லை. எண்ணெய் ஊறிய மிச்சமோ நாற்றத்தையும் எலியையும் அழைத்து வருகிறது. மூடி பானையின் விளிம்போடு சரியாகப் பொருந்தாததும் அதற்கு வழி செய்கிறது. பிளாக் சோல்ஜர் ஃப்ளை என்னும் ஈயின் தடித்த பழுப்புநிறப் புழுக்களைக் கண்டு பயந்து கலனையே கைவிடுகிறவர்கள் உண்டு. அவை கழிவை வேகமாகத் தின்று தீர்க்கும், தீங்கில்லாத புழுக்கள் என்று ஒரு வரி அச்சிட்டிருக்கலாம். மக்குவதை விரைவுபடுத்த உடன் தரும் நுண்ணுயிர்த் தூளும் விருந்துக் காலத்தில் விரைவில் தீர்ந்துவிடுகிறது. மறுபடி அதையே விலை கொடுத்து வாங்கத் தேவையில்லை. புளித்த மோரைச் சிறிதளவு தெளித்த காய்ந்த சருகே அந்த வேலையைச் செய்கிறது.

பண்டிகை அட்டைப்பெட்டிகளிலும் பாதிக்கு இங்கே இடமுண்டு. ஒட்டுநாடாவை உரித்துவிட்டுக் கிழித்துப் போடும் பழுப்பு அட்டை ஈரத்தை நன்றாக இழுத்துக்கொள்ளும். கேக்கின் அடியில் வரும் வெள்ளி, தங்க நிறப் பலகைக்கும் பளபளக்கும் பரிசுத்தாளுக்கும் இடமில்லை. கசக்கினால் கசங்கியபடியே நிற்பது காகிதம், மறுபடி விரிந்துகொள்வது பிளாஸ்டிக் பூச்சுள்ளது என்று ஓரளவு பிரித்தறியலாம். பிளாஸ்டிக் பூசிய காகிதத் தட்டுகளும் குவளைகளும் தமிழகத்தில் 2019 ஜனவரி 1 முதல் தடைசெய்யப்பட்டவை என்றாலும், விருந்துச் சாப்பாட்டோடு அவை இன்னமும் வீட்டுக்குள் வந்துகொண்டுதான் இருக்கின்றன. (தடை எங்கே போனது என்று கேட்டால் பரிமாறுகிறவர் சிரிக்கிறார்.)

பொங்கல் வந்ததும் கலன் தானாகவே சீராகிவிடுகிறது. மென்று துப்பிய கரும்புச் சக்கையில் கரிமச்சத்து மிக அதிகம்; ஒரு வெயில் காயவைத்து, விரல் நீளத்துக்கு நறுக்கிப் போட்டால், டிசம்பரில் நசநசத்துக் கிடந்த மேல்பானை பொலபொலவென்று உதிரத் தொடங்குகிறது. தோகையையும் அப்படியே நறுக்கலாம். கணுக்கள் மட்டும் மக்காமல் நெடுநாள் கிடக்கும் என்பதால் சலிக்கும்போது எடுத்து மறுபடி மேல்பானையில் போட வேண்டும். போகிக்கு எரிக்க ஒதுக்கிய பழைய சாக்கு ஒன்றை வெட்டிக் கழிவின் மேல் போர்த்தினால், சிறு ஈக்களின் தொல்லையும் குறைகிறது.

நான்கு பேர் உள்ள வீட்டின் அன்றாடக் கழிவுக்கு இந்தக் கலன் தாராளமாகப் போதும். உறவினர் கூடும் வீட்டுக்கு மூன்றடுக்கு போதாது. கூடுதலாக ஒரு பானையைத் தனியாக விற்கும் கடையில் வாங்குவது நல்லது. நவம்பரிலேயே ஒரு சாக்குக் காய்ந்த சருகைச் சேர்த்து வைக்க இடமில்லாதவர்களுக்கு, சில ஆயிரம் ரூபாய் விலையுள்ள இந்தப் பானையை இப்பருவத்தை நம்பி நான் பரிந்துரைக்க மாட்டேன். அவர்கள் மக்கும் குப்பையைப் பிரித்து மாநகராட்சி வண்டியில் கொடுத்துவிட்டு, பிப்ரவரியில் வாங்கித் தொடங்கலாம்.